முன்கண்ணாடியில் படியும் மூட்டம்

மேட்டுப்பாளையத்தினின்று உதகமண்டலத்திற்குச் செல்லும் சாலை, கல்லாற்றைக் கடந்தவுடன் மலைமீது ஏறத் தொடங்குகிறது. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் நாளில் அச்சாலையிற் காரில் செல்வோர் ஓர் இடர்ப்பாட்டை எதிர்கொள்வது வழக்கம். அடிவாரத்தில் பளிங்கெனத் தெளிந்திருந்த முன்கண்ணாடி, பர்லியாற்றைத் தாண்டிச் சில வளைவுகள் ஏறுவதற்குள் வெண்மை பூத்து மங்கிவிடும். மழைநீரைத் துடைக்கும் வைப்பர் இடையறாது ஆடிக்கொண்டிருக்கும். ஆயினும் அவ்வெண்மை அகலாது. ஓட்டுநர் கைக்குட்டையால் துடைப்பார். துடைத்த இடம் ஒரு கணம் தெளியும். மறுகணம் முன்போல் மங்கும். பக்கக் கண்ணாடிகளும் பின்கண்ணாடியும் அவ்வாறே மூடிக்கொள்ளும்.

இதனைச் சிறு தொல்லையென்று தள்ளுதல் கூடாது. மணிக்கு 40 கிலோமீட்டர் விரைவிற் செல்லும் வண்டி, ஒரு வினாடியில் 11 மீட்டர் தொலைவைக் கடக்கிறது. கண்ணாடியைத் துடைப்பதற்கு ஓட்டுநர் மூன்று வினாடி கையையும் கருத்தையும் செலுத்துவாராயின், அதற்குள் வண்டி 33 மீட்டர் சென்றுவிடும். மலைச்சாலையில் 33 மீட்டருக்குள் ஒரு கொண்டை ஊசி வளைவும் வரலாம். எதிரே பேருந்தும் வரலாம். ஒருபுறம் பள்ளம் என்றும் உண்டு.

மேகத்தையும் மழைப்பருவத்தையும் குறிக்கும் 'கார்' என்னும் தமிழ்ச் சொல்லுக்கும், இவ்வூர்தியின் பெயராக வந்து வழங்கும் சொல்லுக்கும் ஓசையொற்றுமை அன்றி வேறு தொடர்பு இல்லை. ஆயினும் கார்காலத்திலேதான் காரின் கண்ணாடி மிகுதியும் மங்குகிறது.

கண்ணாடி மங்கியவுடன் வண்டியிற் பழுது நேர்ந்துவிட்டது என்று கருதுவோர் உளர். பழுதே ஆயினும், 'மழைநாளில் இது இயல்புதானே' என்று வாளா இருப்போரும் உளர். இருவரும் பிழைபடுவதற்குக் காரணம் ஒன்றே. மூட்டத்தைக் கண்டவர், அது கண்ணாடியின் எப்பக்கத்திற் படிந்தது என்பதையும், அதற்குரிய நீர் எங்கிருந்து வந்தது என்பதையும் ஆராய்வதில்லை. இவ்விரண்டும் தெரிந்தால் பிற யாவும் எளிதின் விளங்கும்.

கண்ணாடியிற் படியும் வெண்மை யாது? அது புகையன்று, தூசியன்று, மிக நுண்ணிய நீர்த்திவலைகளின் கூட்டமேயாம். காற்றில் நீராவி எக்காலத்தும் கலந்துள்ளது. ஆவி நிலையில் உள்ள நீர் கண்ணுக்குப் புலனாவதில்லை. அது குளிர்ந்து திவலையாகிய பின்னரே வெண்மையாகத் தோன்றும். இட்லிப் பானையின் மூடியைத் திறந்தால் மேலெழும் வெண்ணிறப் படலத்தை 'ஆவி' என்று வழங்குகிறோம். உண்மையில் அது ஆவி குளிர்ந்து உண்டான திவலைக் கூட்டமேயாகும். மூடியின் உட்புறத்தில் வழியும் நீரும் அவ்வாவி குளிர்ந்ததே. மூச்சையும் உயிரையும் உலைநீரின் புகையையும் 'ஆவி' என்னும் ஒரே சொல்லாற் குறித்தனர் நம் முன்னோர். கார்க்கண்ணாடியைப் பொறுத்தவரை அப்பொருள்களுள் முதலும் கடையும் ஒன்றே என்பது பின்னர் விளங்கும்.

காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது அதன் வெப்பநிலையைப் பொறுத்தது. 30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகையில் 17 கிராம் அளவே தாங்கும். 10 பாகையில் 9 கிராமுக்குச் சிறிது கூடுதலாகத் தாங்கும். ஆகவே, நீராவி நிறைந்த வெப்பக் காற்று குளிர்ந்த பொருளொன்றைத் தொடுமாயின், தாங்கவியலாத நீரை அப்பொருளின்மீதே இறக்கிவிடும். எந்த வெப்பநிலையில் இவ்வாறு இறக்கத் தொடங்குகிறதோ அதனைப் பனிநிலை என்பர். குளிர்ந்த நீர் நிரம்பிய செம்பின் புறத்தே நீர் அரும்புவது இதனாலேதான். 'செம்பு வியர்த்தது' என்பது வீட்டு வழக்கு. செம்பின் உள்ளிருந்து நீர் கசிந்தது என்று சிறுவர் எண்ணுவர். அந்நீர் அறையின் காற்றிலிருந்து வந்ததாகும்.

பனியைப் பற்றியும் முற்காலத்தார்க்கு இத்தகைய ஐயம் இருந்தது. அது வானினின்று விழுகிறதா, நிலத்தினின்று எழுகிறதா என்று அறிஞர் நெடுங்காலம் வழக்கிட்டனர். இலண்டன் மாநகரில் மருத்துவராக விளங்கிய வில்லியம் சார்லசு வெல்சு என்பார், சர்ரி நாட்டுப்புறத்தில் ஒரு தோட்டத்தில் இரவெல்லாம் கண்விழித்து இதனை ஆராய்ந்தார். ஒரே எடையுள்ள கம்பளி மயிர்ச் சுருள்களைப் பல இடங்களில் வைத்து, அவை ஏற்ற பனிநீரை நிறுத்துக் கண்டார். உயர்த்தி நிறுத்திய பலகை ஒன்றின் மேற்புறத்தில் வைத்த சுருள் மிகுந்த பனியையும், கீழ்ப்புறத்தில் கட்டிய சுருள் குறைந்த பனியையும் ஏற்றன. தெளிந்த இரவில் புல்லின்மீது வைத்த வெப்பமானி, அதற்கு மேலுள்ள காற்றைவிடப் புல் மிகவும் குளிர்ந்திருப்பதைக் காட்டியது. பொருள் முதலில் குளிர்கிறது. பின்னரே அதன்மீது பனி படிகிறது என்னும் முடிபை அவர் 1814-இல் வெளியிட்டார். இங்கிலாந்தின் அரச கழகம் அவருக்கு ரம்போர்டு பதக்கம் அளித்துச் சிறப்பித்தது. 'பனி பெய்தது' என்பது இன்றும் நம் வழக்கு. வழக்குப்பற்றி அதனை விலக்க வேண்டுவதில்லை. ஆனால் உண்மையிற் பனி பெய்வதன்று, படிவதே.

இனிக் காரின் கண்ணாடிக்கு வருவோம். மேட்டுப்பாளையத்திற்கும் உதகைக்கும் இடையே உயரத்தில் ஏறத்தாழ 1,900 மீட்டர் வேறுபாடு உண்டு. ஆயிரம் மீட்டர் ஏறுந்தோறும் காற்றின் வெப்பம் பொதுவாக 6 பாகை அளவு குறையும். ஆகவே, ஒரு மணி நேரப் பயணத்திலேயே வெளிக்காற்று 10 பாகை குளிர்ந்துவிடுகிறது. அக்காற்றும் மழைநீரும் இடைவிடாது மோதுதலால் கண்ணாடியும் குளிர்கிறது. உள்ளேயோ, ஐவர் அமர்ந்து மூச்சுவிட்ட வெதுவெதுப்பான காற்று. வெல்சு கண்ட புல்லும் இக்கண்ணாடியும் ஒரே நிலையில் உள்ளன.

மூட்டம் எப்பக்கத்தது என்று அறிவதற்குக் கருவி வேண்டுவதில்லை. வண்டியில் அமர்ந்திருப்பவர் விரலால் உட்புறத்திற் கோடு ஒன்று இழுத்தால் போதும். கோடு தெளிந்தால் மூட்டம் உள்ளே, தெளியாவிடின் வெளியே. வைப்பரை ஒருமுறை ஓட்டியவுடன் தெளியுமாயின் அதுவும் வெளிப்புறத்து மூட்டம் என்பதற்குச் சான்று. குன்னூரை அணுகும்போது மேகமே சாலையின்மீது தவழ்வதும் உண்டு. கண்ணாடியை இறக்கிப் பார்த்தாலும் வெளி மங்கலாகவே தோன்றுமாயின் குறை கண்ணாடியில் இல்லை. விரைவைக் குறைத்து, விளக்கைத் தாழ்த்தி ஏற்றிச் செல்வதே அப்போது செயற்பாலது.

வெளிப்புற மூட்டத்தைக் காண மலைக்குச் செல்ல வேண்டியதில்லை. சென்னையே தக்க இடம். மழை ஓய்ந்த மாலையில் சென்னைக் காற்றின் பனிநிலை 23, 24 பாகை அளவில் இருத்தல் இயல்பு. காரின் ஏ.சி.யை மிகக் குளிரும்படி வைத்து, அக்குளிர்காற்று முன்கண்ணாடியிற் படும்படி திருப்பிவிட்டால் கண்ணாடி 20 பாகைக்கும் கீழே குளிர்ந்துவிடும். உடனே வெளிக்காற்றின் நீர் கண்ணாடியின் புறத்தே படியும். செம்பு வியர்ப்பதும் இதுவும் ஒன்றே. இந்நிலையில், 'மூட்டம் வந்தால் ஏ.சி.யைக் கூட்டுக' என்று யாரோ சொல்லக் கேட்டவர் மேலும் குளிரை ஏற்றுவார். மூட்டமும் மேலும் தடிக்கும். செய்யவேண்டுவது இதற்கு மாறானது. வைப்பரை இருமுறை ஓட்டுக. குளிரைச் சிறிது குறைத்திடுக. காற்றைக் கண்ணாடியினின்று வேறுபக்கம் திருப்புக. ஒரே மூட்டம் போலத் தோன்றும் இரண்டிற்கும் மருந்து நேர்மாறாக இருத்தலின், பக்கம் அறியாது மருந்திடுதல் தீங்காகவே முடியும்.

உட்புற மூட்டத்திற்குரிய நீர் பெரும்பாலும் வண்டியில் அமர்ந்திருப்போரிடமிருந்தே வருகிறது. மூச்சின் வழியாகவும், வியர்வையெனத் தோன்றாமலே தோலின் வழியாகவும், அமைதியாக அமர்ந்திருக்கும் ஒருவருடைய உடலினின்று ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 30 கிராம் நீர் ஆவியாக வெளிப்படுகிறது. ஐவர் எனின் 150 கிராம். சிறு கார் ஒன்றின் உள்வெளி ஏறத்தாழ 3 கனமீட்டர் எனக் கொள்வோம். 20 பாகையில் அக்காற்று முழுவதும் தாங்கக்கூடிய நீராவி 51 கிராம் அளவே. அதிலும் பாதிக்குமேல் புறப்படும்போதே நிரம்பியிருக்கும். கதவும் கண்ணாடியும் அடைத்து, வெளிக்காற்று புகாதபடி வைத்திருந்தால், எஞ்சிய இடத்தை ஐவரின் மூச்சு நிரப்புவதற்குக் கால் மணி நேரம் மிகுதி. நனைந்த குடை, ஈரத் துண்டு, சேற்றோடு ஏறிய செருப்பு, பின்னிருக்கையில் உலரப்போட்ட மழையங்கி ஆகியவை இருப்பின் கணக்கு இன்னும் விரையும்.

மழைநாளிற் பலரும் செய்யும் பிழை இவ்விடத்தில் உள்ளது. வெளியே மழை, ஆதலின் வெளிக்காற்று ஈரமானது, அதனை உள்ளே விட்டால் மூட்டம் மிகும் என்று அவர்கள் கருதுகின்றனர். அதனால், உள்ளிருக்கும் காற்றையே மீண்டும் மீண்டும் சுழலச்செய்யும் விசையை அழுத்தி விடுகின்றனர். காரின் உருவமும் அதனுள் வளைந்து திரும்பும் அம்பும் பொறித்த விசை அது. கருத்து நேரிதுபோலத் தோன்றினும் கணக்கு அதனை மறுக்கிறது. உதகையில் மழைபெய்யும்போது 10 பாகையில் உள்ள வெளிக்காற்று நீராவியால் முற்றும் நிரம்பியிருப்பினும், ஒரு கனமீட்டரில் அது தாங்குவது 9 கிராம் அளவே. அக்காற்று வண்டிக்குள் புகுந்து 20 பாகைக்கு வெதுவெதுப்பானால், 17 கிராமைத் தாங்கும் ஆற்றல் பெறுகிறது. அஃதாவது, பாதியளவு வெறுமையாகிவிடுகிறது. மழையிலிருந்து வந்த காற்றே உள்ளிருக்கும் ஈரத்தை உறிஞ்சிச் செல்லும் உலர்காற்றாக மாறுகின்றது! ஆகவே மலையிற் செய்யவேண்டுவது, வெளிக்காற்று வரும் வழியைத் திறந்து, அதனை ஹீட்டரால் வெதுவெதுப்பாக்கி, முன்கண்ணாடியை நோக்கிச் செலுத்துவதேயாகும். ஹீட்டர் இல்லாத வண்டியாயின் பக்கக் கண்ணாடிகளை இரண்டு விரற்கடை இறக்கினால் பெரும்பயன் உண்டு. 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் கார்களில், பழையவற்றின் முன்கதவில் சிறு முக்கோணக் கண்ணாடி ஒன்று இருந்தது. அதனைச் சற்றே திருப்பிவைத்து மழைநாளிலும் காற்றோட்டம் பெற்றனர் அக்கால ஓட்டுநர். பின்வந்த கார்களில் அக்கண்ணாடி மறைந்தது ஓர் இழப்பே.

குளிரும் மலையில் ஏ.சி. எதற்கு என்று வினவலாம். ஏ.சி.க்குக் குளிர்வித்தலோடு உலர்த்தும் தொழிலும் உண்டு. டாஷ்போர்டின் பின்னேயுள்ள அதன் குளிர்சுருளைக் காற்று தொட்டவுடன், காற்றின் நீர் அச்சுருளிலேயே படிந்து, ஒரு வடிகுழாய் வழியாக வண்டியின் அடியிற் சொட்டிவிடும். ஏ.சி. ஓடிய கார் நின்ற இடத்தில் சிறிது நீர் தேங்குவது இதனாலேதான். அதனைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. இவ்வாறு உலர்ந்த காற்றை ஹீட்டர் சூடேற்றிக் கண்ணாடிக்கு அனுப்பினால் மூட்டம் மிக விரைந்து மறையும். இதில் ஒரு நுணுக்கம் அறியத்தக்கது. ஏ.சி.யைத் திடீரென நிறுத்திவிட்டுக் காற்றாடியை மட்டும் ஓடவிட்டால், குளிர்சுருளிற் படிந்திருந்த நீர் மீண்டும் ஆவியாகிக் கண்ணாடி முழுவதையும் சில நொடிகளில் மூடிவிடும். வளைவில் திரும்பும் வேளையில் ஏ.சி.யை நிறுத்தியவர் இதனால் இடருற நேரும்.

கண்ணாடியின் தூய்மையும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. புகைபிடிப்போரின் புகை, கைரேகையின் எண்ணெய்ப் பசை, வெயிலிற் காய்ந்த டாஷ்போர்டின் பிளாஸ்டிக்கிலிருந்து எழும் ஆவி ஆகியவை கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய படலமாகப் படிகின்றன. தூய கண்ணாடியில் நீர் பரந்து மென்படலமாக ஒட்டும். ஒளி அதனூடே தடையின்றிச் செல்லும். பசையேறிய கண்ணாடியில் நீர் பரவமாட்டாது. தனித்தனித் திவலையாகத் திரண்டு ஒளியைச் சிதறச்செய்யும். நீரின் அளவு ஒன்றேயாயினும், பின்னது வெண்மையாகத் தோன்றி விழியை மறைக்கும். ஆங்கில அறிஞர் இராலே 1911-இல் கண்ணாடியின்மீது மூச்சை ஊதி இவ்வேற்றுமையை ஆராய்ந்து எழுதினார். தீக்கொழுந்து தடவிச்சென்ற இடத்தில் மூச்சு படலமாகவும், ஏனைய இடத்தில் வெண்திவலையாகவும் படிந்ததை அவர் காட்டினார். ஆதலின், திங்களுக்கு ஒருமுறையேனும் கண்ணாடியின் உட்புறத்தைச் சோப்பு நீரால் கழுவித் தூய துணியால் துடைத்தல் நன்று. கையால் துடைப்பதோ, இருக்கும் பசையோடு கையின் பசையையும் சேர்ப்பதாகவே முடியும். புகையிலையையும் உருளைக்கிழங்குத் துண்டையும் கண்ணாடியில் தேய்க்கும் வழக்கமும் ஓட்டுநரிடையே உண்டு. அது வைப்பர் பழுதுற்றபோது வெளிப்புற மழைநீரைப் பரவச்செய்தற்கு வந்த உபாயம். உட்புற மூட்டத்திற்கு உரியதன்று.

இதுகாறும் கூறியவற்றில் வண்டியின்மீது குற்றம் ஏதும் இல்லை. வண்டியே குற்றமுடையது என்று அறிவது எவ்வாறு? அதற்குரிய சான்று, ஆளில்லாத வண்டியில் மூட்டம் தோன்றுதல். மழையில் ஓடிவந்த காரை இரவில் நிறுத்திப் பூட்டுகின்றனர். மறுநாட் காலையில் கண்ணாடிகளின் உட்புறம் நனைந்திருக்கிறது. ஒருநாள் மட்டும் அவ்வாறாயின், முன்னாள் மாலையில் ஏறியிருந்தோரின் மூச்சும் ஈர ஆடையும் காரணமாகலாம். ஆகவே ஒரு முடிபுக்கு வருமுன், நனைந்த பொருள்களையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு, கதவுகளைத் திறந்துவைத்துப் பகல் முழுவதும் காற்றோட்டம் அளித்து, மாலையில் எவரும் ஏறாமலே அடைத்துவிடல் வேண்டும். மறுநாளும் உட்புறம் நனைந்திருக்குமாயின், மூச்சுவிட யாரும் இல்லாத அவ்வண்டிக்குள் நீர் எங்கோ ஒளிந்துகிடக்கிறது என்பது உறுதி.

அந்நீரைத் தேடுவதற்குக் கண்ணினும் கை சிறந்தது. ரப்பர் மேட்டுகளை எடுத்துவிட்டு, அடியிலுள்ள கம்பளத்தின்மீது உள்ளங்கையை வைத்து அழுத்துதல் வேண்டும். மேலே உலர்ந்து தோன்றும் கம்பளத்தின்கீழ் தடித்த பஞ்சுத் தட்டு உண்டு. நாட்பட்ட நீரையும் அது விடாது தாங்கிக்கொண்டிருக்கும். செய்தித்தாளை மடித்து அதன்மீது வைத்துக் காலால் மிதித்தால் ஈரம் தாளில் ஊறிவரும். நான்கு கால்வைப்பிடங்களையும் டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியையும் இவ்வாறே சோதித்தல் வேண்டும். எந்த இடம் நனைந்துள்ளது என்பதே எது காரணம் என்பதைப் பாதி சொல்லிவிடும்.

முன்பக்கம் நனைந்து, பானெட்டைத் திறந்து பார்க்குங்கால் முன்கண்ணாடியின் அடிவரம்பிலுள்ள பள்ளத்தில் இலையும் சருகும் நிறைந்திருந்தால், நோயின் மூலம் பெரும்பாலும் அதுவே. வேப்ப மரத்தடியிலும் புளிய மரத்தடியிலும் நிறுத்தப்படும் வண்டிகளுக்கு இந்நோய் மிகுதி. கண்ணாடியில் வழியும் மழைநீர் அப்பள்ளத்திற் சேர்ந்து இருபுறத் துளைகளின் வழியே கீழிறங்க வேண்டும்; துளை அடைபட்டால் நீர் உயர்ந்து, காற்று உட்புகும் வாயிலின் வழியாக வண்டிக்குள் வழியும். சருகை அள்ளிவிட்டால் செலவின்றி நோய் தீர்ந்தது. ஏ.சி. ஓடியும் வண்டியின் அடியில் ஒரு துளியும் சொட்டாமல், கம்பளத்தின் முன்பகுதி நனைந்திருப்பின், ஏ.சி.யின் வடிகுழாய் அடைபட்டுள்ளது. அது மழையில்லாத நாளிலும் நனையும் என்பதே மற்றவற்றினின்று அதனைப் பிரித்தறியும் குறி.

கதவோரம் நனைந்திருந்தால் ரப்பர் பீடிங்கையும், டிக்கி நனைந்திருந்தால் பின்விளக்குகளைச் சுற்றியுள்ள அடைப்பையும் ஐயுறல் வேண்டும். பீடிங்கைப் பற்றி ஐயம் எழுந்தால் கரும்பலகைச் சுண்ணக்கட்டி உதவும். சுண்ணத்தைப் பொடியாக்கிப் பீடிங்கின் மீது தடவி, கதவை ஒருமுறை சாத்தித் திறந்தால், கதவின் இரும்பு விளிம்பில் வெண்கோடு பதிந்திருக்கும். கோடு எங்கே விட்டுப்போயிற்றோ, அங்கே பீடிங் பொருந்தவில்லை. பின்னர் ஒருவர் வண்டிக்குள் அமர்ந்து விளக்கோடு பார்த்திருக்க, மற்றொருவர் வெளியே நின்று குழாய்நீரைக் கீழிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக மேலே பாய்ச்சல் வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழியும் நீர் எல்லா இடத்தையும் நனைத்து, கசிவு எங்கே என்பதை மறைத்துவிடும். பொறுமையில்லாதார் இச்சோதனையைச் செய்யாமலே கண்ணாடியைக் கழற்றிப் புதுப்பசை இடச்செய்து பொருளை இழக்கின்றனர்.

இவையனைத்தினும் வேறான ஒரு காரணம் உண்டு. அது நீரன்று, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட். ஹீட்டர் உள்ள கார்களில், எஞ்சினிற் சூடேறிய கூலன்ட் டாஷ்போர்டின் பின்னேயுள்ள சிறு ரேடியேட்டர் ஒன்றின் வழியாகச் சென்றுவருகிறது. அச்சிறு ரேடியேட்டரில் துளை விழுந்தால், கூலன்ட் கசிந்து ஆவியாகி முன்கண்ணாடியிற் படியும். அதன் குறிகளை ஒருமுறை அறிந்தவர் மறவார். ஹீட்டரைப் போட்டவுடன் மூட்டம் குறைவதற்கு மாறாக மிகும். வண்டிக்குள் தித்திப்பான மணம் ஒன்று எழும். விரலாற் கோடு இழுத்தால் கண்ணாடி தெளியாமல் பிசுபிசுப்பாக இழுவும். கம்பளத்தில் வைத்த வெள்ளைத் தாள், நீரால் நனைந்ததாயின் காய்ந்தபின் வெறும் தாளாகும். கூலன்ட்டால் நனைந்ததாயின் நிறமும் வழவழப்பும் தங்கும். எஞ்சின் நன்கு குளிர்ந்த பின்னர் கூலன்ட் புட்டியைப் பார்த்தால் அளவு நாளுக்கு நாள் இறங்கியிருக்கும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறத்தல் ஆகாது. கொதிநீர் பீறிட்டு முகத்தில் தெறிக்கும்.

இக்குறிகள் காணப்பட்டால் மூட்டத்தைத் துடைத்துக்கொண்டு பயணத்தைத் தொடர்தல் தகாது. கூலன்ட் குறைந்த எஞ்சின் மலையேற்றத்தில் அளவிறந்து சூடேறிப் பழுதுறும். கூலன்ட்டில் பெரும்பாலும் கலந்துள்ள எத்திலீன் கிளைக்கால் என்னும் பொருள் நச்சுத்தன்மை உடையது. தரையிற் சிந்தியதை நாயும் பூனையும் நக்கி மாளக்கூடும். சிறு குழந்தைகள் நனைந்த கம்பளத்திற் கைவைத்து வாயில் வைப்பதும் அஞ்சத்தக்கதே. வண்டியை நிறுத்தி, தக்க மெக்கானிக்கை அழைத்து, ஹீட்டருக்குச் செல்லும் குழாய்களை ஆராயச் செய்தலே முறை.

கசிவை அடைத்துவிட்டதனாலேயே மூட்டம் மறுநாளே நீங்கிவிடாது. கம்பளத்தின் அடியிலுள்ள பஞ்சுத் தட்டு குடித்த நீரை மெல்ல மெல்லவே விடுகிறது. மேலே விசிறியிட்டு உலர்த்தியதோடு நின்றவர், ஒரு வாரம் கழித்தும் மூட்டத்தைக் கண்டு, கசிவு அடைபடவில்லை என்று பட்டறைக்காரரை நொந்துகொள்வர். இருக்கையின் திருகுகளைக் கழற்றிக் கம்பளத்தைத் தூக்கி, பஞ்சுத் தட்டை வெளியே எடுத்து இரண்டு மூன்று நாள் வெயிலிற் காயப்போடல் வேண்டும். கூலன்ட் ஊறிய தட்டாயின் காய்ந்தாலும் பயனில்லை. கழுவியோ மாற்றியோ ஆகவேண்டும். அடியிலுள்ள இரும்புத் தகட்டிலும் துரு பிடித்திருக்கிறதா என்று பார்த்து, துருவைச் சுரண்டி வண்ணம் பூசிய பின்னரே கம்பளத்தை மீண்டும் விரித்தல் வேண்டும். அதன்பின் வண்டியை ஓரிரவு அடைத்துவைத்துக் காலையிற் பார்க்கும்போது கண்ணாடியின் உட்புறம் உலர்ந்திருந்தால், வேலை முடிந்தது.